குதிரைக் குளம்பு: எப்போது செதுக்குவது, எங்கே ஆணி இறக்குவது

காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர்ப் பக்கம் குதிரை வைத்திருப்பவர்களில் பெரும்பாலோருக்குப் பந்தயம்தான் குறி. கோயில் திருவிழா என்றால் மாட்டுவண்டிப் பந்தயத்தோடு குதிரைவண்டிப் பந்தயமும் வந்துவிடும். ஓட்டம் முழுக்கத் தார் ரோட்டில். கொள்ளு, கடலைக்கொடி, சேணம், வண்டிச் சக்கரம் எல்லாவற்றுக்கும் தாராளமாகச் செலவு செய்கிறவர்கள், குளம்பை மட்டும் லாடம் கழன்று விழுந்த பிறகுதான் திரும்பிப் பார்க்கிறார்கள். "நல்லாத்தானே ஓடுது, எதுக்குண்ணே இப்ப வெட்டணும்?" என்று கேட்காத ஆள் குறைவு. நன்றாக ஓடும்போதே வெட்ட வேண்டும் என்பதுதான் பதில். குளம்புக் கோளாறுகளில் பெரும்பகுதி, முன்முனை நீண்டுபோனதில் இருந்து தொடங்குகிறது. முனை நீள்வது ஒரே நாளில் தெரியாது. அதனால் குதிரை நொண்டுகிறதா என்று பார்த்துக் கொண்டிருக்காமல், காலண்டரைப் பார்த்துச் செதுக்க வேண்டும்.

குளம்பை வெறும் கட்டையாக நினைப்பதுதான் முதல் தவறு. குதிரை ஒவ்வொரு காலிலும் ஒரே ஒரு விரலில் நிற்கிறது. அந்த விரல் நுனி எலும்பைச் சுற்றி வளர்ந்த நகம்தான் குளம்பு. வெளியே தெரியும் சுவர், மேலே மயிர் முடிந்து குளம்பு தொடங்கும் மயிர்க்கோட்டில் இருந்து கீழ்நோக்கி வளர்கிறது. உள்ளே இருக்கும் குளம்பெலும்பு அந்தச் சுவரில் ஒட்டித் தொங்குகிறது என்று சொன்னால் பலர் நம்புவதில்லை. சுவரின் உட்புறத்தில் பனையோலை விசிறி மாதிரி நெருக்கமான மடிப்புகள், ஏறத்தாழ 550 முதல் 600 வரை இருக்கும். எலும்பைப் போர்த்திய சதையிலும் அதேபோல மடிப்புகள். இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று கோத்து, மொத்த எடையையும் தாங்குகின்றன. கீழிருந்து முட்டுக்கொடுப்பது குளம்பின் அடிப்பரப்பான அடித்தகடும், அதன் நடுவில் குதிகாலில் இருந்து முன்னோக்கிக் கூம்பி வரும் ரப்பர் போன்ற முக்கோணமும். குளம்பைத் தூக்கிப் பார்த்தால் சுவருக்கும் அடித்தகட்டுக்கும் நடுவே மங்கிய மஞ்சள் நிறத்தில் மெல்லிய கோடு ஒன்று ஓடும். வெள்ளைக் கோடு என்று பெயர். உள்ளே கோத்திருக்கும் பிடிப்பு வெளியே தெரிகிற இடம் அது. ஆணி அடிக்கும்போதும் புண் தேடும்போதும் அந்தக் கோடுதான் வழிகாட்டி.

குதிகால் வேலை செய்யும் விதத்தைக் கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும். ஆரோக்கியமான குளம்பு நடையில் குதிகால் முதலில் அல்லது முழுப்பாதம் ஒன்றாகத் தரையில் படும். எடை இறங்கும்போது குதிகால் இரு பக்கமும் லேசாக விரியும்; தூக்கும்போது பழைய நிலைக்கு வரும். கண்ணுக்குப் பிடிபடாத அளவு விரிவுதான். ஆனால் அதிர்ச்சியை உள்வாங்குவதும், குளம்புக்குள் உள்ள இரத்தத்தை மேலே தள்ளுவதும் இந்த அசைவால்தான் நடக்கிறது. விரியவிடாமல் குதிகால் பக்கம் ஆணி அடித்து இறுக்கினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். தார் ரோட்டு அடி முழுவதும் எலும்புக்கும் மூட்டுக்கும் போகும். அய்யனார் கோயில் மண்புரவிக்குக் கால் தூணாக இருக்கலாம், ஓடுகிற புரவிக்கு முடியாது.

குளம்பு மாதத்துக்கு 6 முதல் 10 மில்லிமீட்டர் வளரும். மயிர்க்கோட்டில் இன்று முளைக்கும் சுவர், முன்முனையில் தரையைத் தொடக் கிட்டத்தட்ட ஒரு வருடம் ஆகும். குதிகால் பக்கம் உயரம் குறைவு என்பதால் நாலைந்து மாதம் போதும். லாடம் இல்லாத குதிரைக்குச் சரளையில் நடந்தால் ஓரளவு தேயும், அதனால் 6 முதல் 8 வாரத்துக்கு ஒருமுறை செதுக்கினால் சரி. லாடம் அடித்த குளம்பு தேயவே தேயாது. 6 வாரத்தில் ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு முனை முன்னால் போயிருக்கும், லாடமும் அதோடு முன்னால் போயிருக்கும். ஆகவே லாடக் குதிரைக்கு 5 அல்லது 6 வாரம். லாடம் தேயாமல் புதிதாகவே இருந்தாலும் கழற்றி, செதுக்கி, திரும்ப அடிக்க வேண்டும். இரும்பு மிச்சம் இருக்கிறதே என்று மூன்று மாதம் ஓட்டுவது இங்கே சர்வசாதாரணம். அந்தச் சிக்கனம் கடைசியில் தசைநாரில் போய் முடிகிறது.

காரணம் இதுதான். குதிரை காலை எடுக்கும்போது குளம்பு முன்முனையை ஊன்றிப் புரள்கிறது. முனை நீளமாக இருந்தால் புரள அதிக நேரம், அதிக பலம் வேண்டும். முழங்காலுக்குக் கீழே பின்புறம் ஓடும் தசைநார் ஒவ்வொரு அடியிலும் கூடுதலாக இழுபடும். முனைச் சுவர் எலும்பை விட்டு விலகி, வெள்ளைக் கோடு அகலமாகும். அந்த இடைவெளியில் மண்ணும் ஈரமும் ஏறி உளுத்துப் போகும். அதே நேரம் குதிகால் முன்னோக்கிச் சாய்ந்து நசுங்கும். முன்னால் நீளம், பின்னால் தாழ்வு. வேகமாக ஓடும்போது பின்குளம்பு முன்லாடத்தை மிதித்துப் பிடுங்கிவிடுவதற்கும் இது ஒரு காரணம். முன்கால் எழும்பத் தாமதமாகிறது, பின்கால் வந்துவிடுகிறது.

பார்த்துக் கண்டுபிடிப்பது சுலபம். குதிரையைச் சமதளத்தில், நாலு காலும் நேராக நிற்கும்படி நிறுத்திப் பக்கவாட்டில் குனிந்து பாருங்கள். கணுக்கால் மூட்டுக்குக் கீழே சரிந்து வரும் கோடும் குளம்பின் முன்சுவர்க் கோடும் ஒரே நேர்கோடாக இருக்க வேண்டும். மயிர்க்கோட்டில் அது பின்பக்கமாக உடைந்து தெரிந்தால் முனை நீளம், குதிகால் தாழ்வு. முன்காலில் இந்தச் சாய்வு பொதுவாக 50 முதல் 55 பாகை. பின்காலில் சற்று நிமிர்ந்திருக்கும். ஆனால் எண்ணைப் பிடித்துக்கொண்டு எல்லாக் குதிரையையும் ஒரே கோணத்துக்கு வெட்டக் கூடாது, அதனதன் கணுச்சரிவுக்குத்தான் பொருந்த வேண்டும். குதிகால் சாய்வையும் முனைச் சாய்வையும் ஒப்பிடுங்கள். இரண்டும் ஏறக்குறைய இணையாக இருந்தால் நல்லது. குதிகால் முனையைவிட 5 பாகைக்கு மேல் படுத்திருந்தால் நசுங்கத் தொடங்கிவிட்டது. நடுமுனையில் மயிர்க்கோட்டில் இருந்து தரைவரை டேப் வைத்தால், 360 முதல் 400 கிலோ குதிரைக்கு 3 அங்குலம் கணக்கு. நம் பக்கத்து மட்டக்குதிரைக்கு அதைவிடக் குறைவாக வர வேண்டும்.

செதுக்கும்போது முதலில் கொக்கி. குதிகாலில் இருந்து முனையை நோக்கிச் சுரண்ட வேண்டும், முக்கோணத்தின் இரு பக்கத்துப் பள்ளத்தையும் நடுப்பள்ளத்தையும் விடக்கூடாது. எதிர்த்திசையில் இழுத்தால் கொக்கிமுனை மென்மையான இடத்தில் குத்தும். அதன்பின் வளைகத்தி. அடித்தகட்டில் பொருபொருவென்று உதிரும் செத்த பாகத்தை மட்டும் எடுத்துவிட்டு, மெழுகு மாதிரி பளபளப்பு தெரிந்தவுடன் நிறுத்துங்கள். கட்டைவிரலால் அழுத்தினால் அமுங்குகிறது என்றால் ஏற்கெனவே அதிகம் எடுத்தாயிற்று. சரளை நிறைந்த செம்மண் பூமியில் ஓடும் குதிரைக்கு அடித்தகட்டின் கனம்தான் செருப்பு, அதைச் சுத்தமாக வெள்ளை வெளேரென்று சீவிக் காட்டுவது கைத்திறமை ஆகாது. முக்கோணத்திலும் தொங்கும் பிசிறு, கறுத்த மடிப்பு மட்டும் போகட்டும்.

குறடு எடுத்தால் பக்கவாட்டில் தொடங்கி முனையைச் சுற்றி மறுபக்கம் வரை ஒரே மட்டமாக வெட்ட வேண்டும். அடித்தகட்டின் உயிர்ப் பகுதிக்குக் கீழே குறடு போகக் கூடாது. குதிகால் உயரத்தை முக்கோணத்தின் பின்புற அகன்ற இடத்துக்குச் சமமாகக் கொண்டுவரப் பாருங்கள். ஆனால் குதிகால் நசுங்கிய குதிரைக்கு அதை ஒரே தடவையில் எட்ட முடியாது. முனையைப் பின்னுக்குக் கொண்டுவந்து, குதிகாலில் கொஞ்சமே கைவைத்து, நாலைந்து சுற்றில் சரிசெய்ய வேண்டும். கடைசியில் அரம். குளம்பின் மிக அகன்ற இடத்தில் குறுக்கே ஒரு கோடு போட்டால் முன்பாதியும் பின்பாதியும் ஏறத்தாழ சமமாக வர வேண்டும். முன்பாதி நீளமாக இருந்தால் இன்னும் முனை இருக்கிறது என்று அர்த்தம். லாடம் இல்லாமல் விடுவதானால் ஓரத்தை 45 பாகையில் ஐந்தாறு மில்லிமீட்டர் அளவு உருட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் சரளையில் சில்லுச்சில்லாகப் பெயரும். சுவரின் வெளிப்பளபளப்பை மேலிருந்து கீழ்வரை அரத்தால் தேய்த்து அழகுபடுத்துவது வேண்டாம். உள்ளே இருக்கும் ஈரத்தைக் காப்பது அந்த மேற்பூச்சுதான்.

சித்திரை, வைகாசியில் குளம்பு கல்லாக இறுகிக் குறடு வழுக்கும். செதுக்குவதற்கு முன் அரை மணி நேரம் ஈரமண்ணில் நிறுத்தினால் கத்தி இறங்கும். எண்ணெய் தடவினால் இளகும் என்பது ஆசைதான். நல்லெண்ணெயோ வேப்பெண்ணெயோ மேலே மினுக்குத் தருமே தவிர உள்ளே ஊறிப் பெரிதாக எதுவும் செய்யாது.

அடுத்து லாடம். இங்கே மாட்டுக்கு லாடம் அடிப்பவரே குதிரைக்கும் அடிப்பது உண்டு. நல்ல கைகள் இருக்கின்றன, குறை சொல்ல வரவில்லை. ஆனால் மாட்டுக்குப் பிளவுக் குளம்பு, காலுக்கு இரண்டு துண்டு லாடம், படுக்கவைத்துக் கட்டி அடிக்கிறோம். குதிரைக்கு ஒற்றைக் குளம்பு, நிற்கவைத்து அடிக்க வேண்டும், குதிகால் விரிய இடம் விட வேண்டும். கணக்கே வேறு. கைவசம் இருக்கும் லாடம் சின்னதாக இருக்கிறது என்று குளம்பை அரத்தால் தேய்த்து லாடத்துக்குப் பொருத்துகிறார்கள். குளம்புக்குத்தான் லாடத்தை வளைக்க வேண்டும். அகன்ற இடம்வரை குளம்பின் ஓரத்தோடு ஒட்டி, அதற்குப் பின்னால் இரு பக்கமும் 2 முதல் 3 மில்லிமீட்டர் வெளியே தெரியவிட்டு, குதிகாலின் கடைசி முனைவரை தாங்கல் கிடைக்கும்படி நீளம் வைக்க வேண்டும். குட்டை லாடம் குதிகாலை இன்னும் நசுக்கும். லாடம் சுவரில்தான் உட்கார வேண்டும், அடித்தகட்டை அழுத்தக் கூடாது.

ஆணி பக்கத்துக்கு மூன்று போதும். எல்லாம் அகன்ற இடத்துக்கு முன்னாலேயே இருக்கட்டும். பின்னால் ஆணி போனால் முன்பே சொன்ன விரிவு நின்றுவிடும். ஆணி நுனியில் ஒரு பக்கம் சாய்வாகச் சீவியிருக்கும். அந்தச் சீவிய முகம் முக்கோணத்தைப் பார்த்தபடி இருக்க வேண்டும், அப்போதுதான் நுனி உள்ளே போகப்போக வெளிப்பக்கம் வளைந்து சுவரைத் துளைத்து வரும். திருப்பி வைத்து அடித்தால் நேராகச் சதைக்குள். முதலில் சின்னச் சின்ன அடி, காது சத்தத்தில் இருக்கட்டும். நல்ல சுவரில் ஏறும் ஆணி ஒவ்வொரு அடிக்கும் கெட்டியான சத்தம் தரும். மந்தமாக, மெத்தென்று கேட்டாலோ, ஆணி சிரமமில்லாமல் இறங்கினாலோ, குதிரை காலை வெடுக்கென்று இழுத்தாலோ உடனே பிடுங்குங்கள். பிடுங்கிய ஆணியில் ஈரமோ இரத்தமோ இருந்தால் துளையில் போவிடோன் அயோடின் விட்டு, அந்தத் துளையைக் காலியாகவே விட்டுவிடுங்கள். இசிவுநோய் (டெட்டனஸ்) தடுப்பூசிக் கணக்கையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஆணி வெளியே வரவேண்டிய உயரம் லாடத்துக்கு மேலே முக்கால் அங்குலம், அதாவது 18 முதல் 20 மில்லிமீட்டர். அதற்குக் கீழே வந்தால் பிடிப்பு இல்லாமல் சுவர் பெயரும். அதிக உயரம் போனால் நுனி சதையை நெருங்கிவிட்டது என்று சந்தேகப்படலாம். நுனியை முறுக்கி ஒடித்து, மிச்சத்தைச் சிறிய சதுரமாக மடித்து, கை ஓட்டிப் பார்த்தால் உரசாமல் இருக்க வேண்டும்.

சில சமயம் ஆணி சதையில் ஏறாது, ஆனால் அருகில் நின்று அழுத்தும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. இரண்டு நாள் கழித்து நொண்டும். லாடம் அடித்த மூன்று நாளுக்குள் நொண்டினால் முதலில் ஆணியைச் சந்தேகியுங்கள். ஒவ்வொரு ஆணித்தலையையும் சுத்தியால் மெல்லத் தட்டினால் எதில் கால் துடிக்கிறதோ அதுதான். இதனால்தான் பந்தயத்துக்கு முதல்நாள் லாடம் மாற்றக் கூடாது. ஒரு வாரம் முன்னதாக மாற்றிவிட்டால் கோளாறு தெரியவும் சரிசெய்யவும் நேரம் இருக்கும்.

இந்த வட்டாரத்தில் குளம்புக்கு நிரந்தர எதிரி சீமைக் கருவேல முள். கண்மாய்க் கரை, மேய்ச்சல் பொட்டல், எங்கும் அதுதான். நேற்றுவரை நன்றாக இருந்த குதிரை இன்று காலையில் ஒரு காலைத் தரையில் வைக்கவே மாட்டேன் என்கிறது. எலும்பு முறிந்துவிட்டதோ என்று பதறுகிறார்கள். பெரும்பாலும் குளம்புக்குள் சீழ் கட்டியிருக்கும். தொட்டால் மற்றக் குளம்பைவிடச் சூடாக இருக்கும். கணுக்கால் மூட்டின் பின்னால் இரு ஓரத்திலும் விரல் வைத்தால் நாடி துள்ளும். சாதாரண நாளில் அந்த நாடி தேடித்தான் பிடிபடும். அதனால் நல்லநாளிலேயே தொட்டுப் பழகிவைப்பது உத்தமம். சீழ் வெளியேற வழியில்லாமல் கெட்டியான சுவருக்குள் அழுத்துவதால்தான் இவ்வளவு வலி. மருத்துவர் குறடால் அழுத்தி இடத்தைக் குறித்து, வெள்ளைக் கோட்டு ஓரமாகச் சிறிய துளை போடுவார். சாம்பல் நிறத்தில், நாற்றத்தோடு தண்ணீர்ச் சீழ் வடிந்த சற்று நேரத்தில் குதிரை காலை ஊன்றிவிடும். துளை சின்னதாக இருப்பதுதான் நல்லது. பெரிதாகத் தோண்டினால் சதை பிதுங்கி மாதக்கணக்கில் இழுக்கும். பிறகு பொறுக்கும் சூட்டில் எப்சம் உப்புத் தண்ணீரில் 15 முதல் 20 நிமிடம் ஊறவைத்து, பஞ்சு வைத்து, மேலே குழந்தைகளுக்குக் கட்டும் டயப்பர் ஒன்றைச் சுற்றி, அகலமான டேப் ஒட்டிவிடுங்கள். தினமும் மாற்ற வேண்டும். இரண்டு மூன்று நாளுக்கு மேல் ஊறவைத்தால் குளம்பே இளகிவிடும். வலி ஊசி மட்டும் போட்டு ஓட்டினால் சீழ் மேலே ஏறி மயிர்க்கோட்டில் வெடிக்கும்.

முள்ளோ ஆணியோ முக்கோணத்தின் நடுவில் குத்தி நின்றால் கதை வேறு. அந்த இடத்துக்கு நேர் மேலே தசைநாரும் மூட்டும் இருக்கின்றன. முடிந்தால் பிடுங்காமல், மேலும் உள்ளே போகாதபடி சுற்றிலும் துணி அடைத்துக் கட்டி, மருத்துவரை வரவழையுங்கள். எக்ஸ்ரேயில் எவ்வளவு ஆழம், எந்தத் திசை என்று தெரிவது உயிரைக் காக்கும். பிடுங்கித்தான் ஆகவேண்டும் என்றால் போன் கேமராவில் படம் எடுத்து, குத்திய இடத்தில் மார்க்கரால் வட்டம் போட்டு, எவ்வளவு நீளம் உள்ளே இருந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். துளை உடனே மூடிக்கொண்டு இடமே தெரியாமல் போகும். 1962-க்கு அழைத்தால் கால்நடை ஆம்புலன்ஸ் உண்டு. சிக்கலான கேஸுக்கு ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. இசிவுநோய்த் தடுப்பூசி இல்லாத குதிரை இருக்கவே கூடாது. வீட்டுப் பிராணிகளில் அந்த நோய்க்கு எளிதில் பலியாவது குதிரைதான்.

ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்தால் வேறு தொல்லை. கொட்டகையில் சாணமும் மூத்திரமும் சேர்ந்து சேறாகக் கிடக்க, முக்கோணத்துப் பள்ளத்தில் கறுப்பாக, மூக்கைப் பொத்த வைக்கும் நாற்றத்தோடு அழுகல் வரும். அழுகிய பிசிறை வெட்டி, சோப்புத் தண்ணீரில் கழுவி, முழுதாகக் காயவைத்து, ஒரு லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) கரைத்து, பஞ்சில் நனைத்து நடுப்பள்ளத்தில் லேசாக வையுங்கள். இரத்தம் தெரியும் பச்சைப்புண்ணில் துத்தம் வேண்டாம், அங்கே அயோடின். பழைய இன்ஜின் ஆயில், மண்ணெண்ணெய், பேட்டரி ஆசிட் எல்லாம் தடவுகிற பழக்கம் இன்னும் இருக்கிறது. நல்ல சதையையும் அது வேகவைத்துவிடும். மருந்தைவிட முக்கியம் தரை. வாட்டம் வைத்து நீர் வடிய, மேலே நாலைந்து அங்குலம் ஆற்றுமணல் பரப்பினால் பாதித் தொல்லை தீரும். தீனியை மட்டும் மணலில் கொட்டாமல் தொட்டியில் போடுங்கள். மணல் வயிற்றுக்குள் போனால் வயிற்றுவலி.

எல்லாவற்றிலும் கொடியது குளம்பெலும்புப் பிடிப்பு வீங்கிக் கழல்வது. பந்தயம் ஜெயித்த சந்தோஷத்தில் கொள்ளு, கடலை, வெல்லம் என்று வாளி வாளியாகக் கொடுக்கிறார்களே, அங்கே ஆரம்பிக்கிறது. அளவுக்கு மீறிய தானியம் பெருங்குடலில் புளித்து, அதன் விளைவு குளம்பில் இறங்குகிறது. குதிரை முன்காலை முன்னால் நீட்டி, எடையைப் பின்காலுக்குத் தள்ளி, சாய்ந்து நிற்கும். நகரவே மறுக்கும். இரண்டு முன்குளம்பிலும் சூடு, இரண்டிலும் நாடி துள்ளல். இந்த நிலையில் நடக்கவிட்டால் சரியாகும் என்று ஓட்டுவது எலும்பைச் சுவரில் இருந்து கிழிப்பதற்குச் சமம். தானியத்தை அடியோடு நிறுத்தி, முழங்கால் அருகே வரை ஐஸ் தண்ணீரில் நிறுத்தி, ஆழமான மணல் படுக்கை கொடுத்து, உடனே மருத்துவர். ஐஸை இரண்டு மூன்று நாள் தொடர வேண்டியிருக்கும். 300 கிலோ குதிரைக்கு ஒரு வேளைக்குத் தானியம் ஒன்றரைக் கிலோவைத் தாண்டக் கூடாது, காய்ந்த தீவனம் நாளைக்கு நாலரைக் கிலோவுக்குக் குறையக் கூடாது. தவிடு அதிகம் போடுகிறவர்கள் கவனிக்க: தவிட்டில் பாஸ்பரஸ் மிகுதி, கால்சியம் குறைவு. தாதுக்கலவை சேர்க்காவிட்டால் எலும்பு பலவீனமாகும்.

குளம்பு உதிர்கிறது என்றால் பயோட்டின் கொடுக்கலாம். 500 கிலோ எடைக்கு நாளைக்கு 15 முதல் 20 மில்லிகிராம். இருக்கும் குளம்பை அது மாற்றாது, புதிதாக வளர்வதைத்தான் உறுதியாக்கும். ஆறு மாதத்துக்குக் குறையாமல் கொடுக்காவிட்டால் கொடுக்காததற்குச் சமம்.

ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்குக் குதிரை வாங்கப் போகிறவர்கள் பல்லைப் பார்ப்பதற்கு முன் குளம்பைப் பார்க்கலாம். சுவரில் வளையங்கள் இருக்கிறதா என்று விரல் ஓட்டுங்கள். முனையிலும் குதிகாலிலும் ஒரே இடைவெளியில் ஓடினால் தீனி, பருவம் மாறியதன் அடையாளம், பயமில்லை. முனையில் நெருங்கியும் குதிகாலில் அகன்றும் விரிந்தால் ஒருமுறையாவது பிடிப்பு கழன்ற குதிரை. அன்றைக்கு அடித்த புத்தம்புது லாடம், விரிசல் மேல் அப்பிய மெழுகு, கறுப்புச் சாயம், இவற்றுக்கு விலையில் கழிக்கத் தயங்காதீர்கள். இரண்டு முன்குளம்பையும் முன்னால் நின்று ஒப்பிடுங்கள். ஒன்று குறுகி நிமிர்ந்திருந்தால் அந்தக் காலில் குதிரை வெகுநாளாக எடை போடவில்லை. ஒவ்வொரு காலையும் ஒரு நிமிடம் தூக்கிப் பிடியுங்கள், எந்தக் காலைத் தூக்கும்போது மற்றதில் நிற்கத் தடுமாறுகிறது என்று தெரியும். கடைசியாகக் கெட்டித் தரையில் நேராகவும், சின்ன வட்டமாக இரு பக்கமும் நடத்துங்கள். நாலு அடியும் ஒரே சத்தமாகக் கேட்க வேண்டும்.